பிறந்த வீட்டுக் கோடி

ஒக்கூரில் வந்து மலையாண்டி வீடு எது என்று கேட்டால், "எந்த மலையாண்டி?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆஃபர் மலையாண்டி என்று சொல்லிவிட்டால் போதும், வண்டியில் ஏறி உட்கார்ந்து வாசல்வரை வந்து காட்டிவிட்டுப் போவார்கள். பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. மலையாண்டிக்கு அதில் வருத்தமும் கிடையாது. ஏமாளி மலையாண்டி என்று வைக்காமல் விட்டார்களே என்பார்.

இருபத்தெட்டு வருஷம் ரேஷன் கடையில் அரிசியும் சீனியும் எடைபோட்டு ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்கிற ஊர்ச்சனம் முழுக்க அவர் கையைத்தான் பார்க்கும். தட்டில் விரல் படுகிறதா, சாக்கில் மிச்சம் பிடிக்கிறாரா என்று. முகத்தைப் பார்த்து "சாப்பிட்டீகளா" என்று கேட்டவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். சுத்தமான மனிதர்தான். ஆனால் சுத்தமானவன் என்று தினமும் நிரூபித்துக்கொண்டே ஒரு ஆயுசை ஓட்டுவது லேசுப்பட்ட காரியமா? எந்தக் கடைப்படி ஏறினாலும், எதிரே இருக்கிறவன் தன்னை என்னவென்று நினைக்கிறான் என்பதையே முதலில் பார்க்கிற புத்தி அவருக்கு அப்படி வந்ததுதான்.

அந்தப் புத்தி சம்பந்தம் கடை விஷயத்தில் நன்றாக முற்றிவிட்டது. காரைக்குடியில் ஞானசம்பந்தம் ஜவுளிக்கடை என்றால் நூல் சேலைக்குப் பேர்போனது. சந்துக்குள் இருக்கிற பழைய கடை. கண்டாங்கிச் சேலையும், நல்லது கெட்டதுக்கு எடுக்கிற முறைத் துணியும் மட்டும்தான் கிடைக்கும். சுடிதார், பனியன், ஜீன்ஸ் பேச்சே கிடையாது. உள்ளே போனதும் கடைக்காரர் சம்பந்தம் விலை சொல்ல மாட்டார். "யாருக்கு? என்ன விசேஷம்? நீங்க என்ன முறை?" என்பார். தாய்மாமன் எடுக்கிற சேலை ஒரு தட்டில், சம்பந்திக்கு எடுக்கிறது ஒரு தட்டில். நல்ல காரியத்துக்கு என்றால் முந்தியில் மஞ்சள் தொட்டுத்தான் கையில் கொடுப்பார்.

மலையாண்டி அந்தக் கடைக்குப் போனது ஒரே ஒரு தடவை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், தங்கச்சி மாரீஸ்வரியின் கல்யாணச் சேலைக்கு, அப்பாவோடு. அப்பா வயலிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் சேறு காய்ந்து வெள்ளை பூத்துக் கிடந்தது. அப்போது சம்பந்தம் இளவட்டம், கடைக்குப் புதுசு. அப்பாவின் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடித்தட்டிலிருந்து ஒரு கட்டை உருவிப் போட்டார். மேல்தட்டுப் பக்கம் அவர் கை போகவே இல்லை. அப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? மகளுக்கு எடுத்த அரக்குச் சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பஸ்ஸில் ஊர்வந்து சேர்ந்தார். அந்தச் சேலை இன்றுவரை சாயம் போகவில்லை. அடித்தட்டில்தான் நல்ல நூல் இருந்ததோ என்னவோ. மலையாண்டியின் மனசில் தங்கியது சேலை இல்லை, அந்தப் பார்வை. காலைப் பார்த்துச் சேலை எடுத்துப் போடுகிறவன் கடையில் இனிக் கால் வைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார்.

பிறகுதான் நூறடி ரோட்டில் நாலு மாடிக் கடை வந்தது. ஏழு வருஷம் இருக்கும். பெயர் எதற்கு, விளம்பரத்தை அவர்களே செய்துகொள்வார்கள். முதல்நாள் போனபோது கண்ணாடிக் கதவருகே நின்ற காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். பின்னால் யாராவது பெரிய மனிதர் வருகிறாரோ என்று மலையாண்டி திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. சல்யூட் அவருக்குத்தான். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. எந்த ஊர், யார் மகன், என்ன முறை என்று ஒரு நாதியும் கேட்கவில்லை. விலை அட்டையில் தொங்கியது, பிடித்தால் எடு, பிடிக்காவிட்டால் நகரு. அன்றைக்கு விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

அந்தக் கடையின் தள்ளுபடிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆடிக்கு எத்தனை சதவீதம், எந்த மாடியில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், எந்தச் செவ்வாய்க்கிழமை எண்ணெய் மலிவு, எல்லாம் அவர் வாயில் இருக்கும். ஓசி என்றால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்பார்களே, அந்த ரகம். தங்கச்சிக்கு வருஷா வருஷம் கொண்டுபோகிற தீபாவளிச் சேலையும் அங்கேதான். ஒன்று மனைவி நாகஜோதிக்கு, இலவசமாக வந்தது அமராவதிபுதூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மாரீஸ்வரிக்கு. இரண்டும் ஒரே டிசைன், ஒரே கரை. கல்யாணம் காட்சியில் நாத்தனாரும் மதினியும் பேண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி ஒரே உடுப்பில் நிற்பார்கள்.

மாரீஸ்வரி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவள் புருஷன் காளிராஜ்தான் விடமாட்டார். ஆட்டோ ஓட்டுகிறவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "மச்சான், எனக்கும் அந்தக் கடையில ஒரு பொண்டாட்டி இலவசமாக் கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்களேன்" என்பார். சிரிப்பில் மலையாண்டியும் சேர்ந்துகொள்வார். அண்ணன் வருகிறான், கையில் பையோடு வருகிறான் என்பதுதான் மாரீஸ்வரிக்குக் கணக்கு. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அண்ணன் ஒருத்தரைவிட்டால் வேறு யாரும் இல்லை. அவருக்கோ பிள்ளை கிடையாது. தங்கச்சியும் அவள் மகள் கீர்த்தியும்தான் எல்லாம்.

போன தீபாவளி முடிந்து பத்தாம் நாள், காலை ஆறு மணிக்கு ஃபோன் வந்தது. காளிராஜ் ஸ்டாண்டில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. சேதி சொன்னது கீர்த்தியின் புருஷன் கண்ணன். கீர்த்திக்குக் கல்யாணமாகி எட்டு மாசம்கூட ஆகவில்லை, திருப்பத்தூரில் கொடுத்திருந்தது.

மலையாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து, வேனுக்குச் சொன்னார். இந்தப் பக்கம் ஒருத்தி தாலியறுத்தால் அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வரவேண்டும். அதுதான் கோடி. பிணத்தைத் தூக்குமுன் அது அவள் தோளில் விழவேண்டும். எத்தனை பேர் எத்தனை மாலை கொண்டுவந்தாலும், கூடப்பிறந்தவன் கோடி வந்து சேரும்வரை யாரும் பாடையைத் தொட மாட்டார்கள். உனக்கு ஒரு வீடு போனாலும் ஒரு வீடு இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்கிற காரியம் அது.

வேனில் பங்காளிகள் பத்துப் பேர் ஏறினார்கள். காரைக்குடிக்குள் நுழையும்போது மணி பத்து. நூறடி ரோட்டோரமாக வேன் நின்றது, சந்துக்குள் போகாது. மலையாண்டி இறங்கும்போது நாகஜோதி கையைப் பிடித்தாள்.

"ஏங்க, சம்பந்தம் கடையில எடுங்க. இது கோடி. உங்க வீம்பை இன்னைக்குக் காட்டாதீக."

"அங்கதான் போறேன்" என்றார். பொய் இல்லை. நிஜமாகவே அங்கேதான் நடந்தார்.

சம்பந்தம் கடையில் கோடி எடுக்க வருகிறவர்கள் முன்வாசல் வழியாக உள்ளே போவதில்லை. கல்யாணச் சேலை விரித்துக் கிடக்கிற பாயைத் துக்கக்காரர்கள் மிதிக்கக் கூடாது. பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கே போய் நின்றால் போதும், யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். சம்பந்தமே எழுந்து வந்து, வயதுக்கும் நிறத்துக்கும் தகுந்த ஒரு சேலையைத் தாளில் சுற்றி ஜன்னல் வழியாகக் கொடுப்பார். பேரம் கிடையாது. "வாங்க" கிடையாது, "போயிட்டு வாங்க" கிடையாது. கோடி எப்போதும் ஒற்றைதான். கூட இன்னொன்று போனால் அந்த வீட்டில் இன்னொருத்தியும் தாலியறுப்பாள் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. வெறும் நம்பிக்கைதானே என்று சொல்லிவிட்டுப் போகலாம். சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லிப் பாருங்கள் பார்ப்போம்.

மலையாண்டி போய் நின்ற நேரம் கடை நிறையக் கல்யாணக் கூட்டம். பெண்ணின் அம்மா, அத்தைமார், சிரிப்பு, காப்பி. அவர் முன்படியில் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து சம்பந்தம் நிமிர்ந்து பார்த்தார். சவரம் செய்யாத முகம், தோளில் கசங்கிய துண்டு, அழுத கண். ஒரு நொடி பார்த்தவர் வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் தூக்கி, பக்கத்து ஜன்னலைக் காட்டி, அங்குட்டு என்பதுபோல் அசைத்தார்.

ஜன்னல் வழக்கம் மலையாண்டிக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் அந்தக் கையை அவரால் தாங்க முடியவில்லை. கல்யாண வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தி புடவையை ஒதுக்கிக்கொண்டாள். அன்றைக்கு அப்பனுக்கு அடித்தட்டு, இன்றைக்கு மகனுக்கு ஜன்னல் என்று உள்ளுக்குள் ஒரு பேய் சொன்னது. தங்கச்சி புருஷன் செத்துக் கிடக்கிறான், அவள் தலைவிரித்துக் கிடக்கிறாள், இவருக்கு அந்த நேரத்திலும் தன் மானம்தான் முன்னால் வந்து நிற்கிறது. என்ன மனித ஜென்மமோ. விறுவிறுவென்று திரும்பி நடந்தார்.

நூறடி ரோட்டுக் கடையில் காவலாளி சல்யூட் அடித்தான். இரண்டாவது மாடியில் ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து, "என்ன ஃபங்ஷனுக்கு சார் பார்க்கிறீங்க?" என்றது.

"ஃபங்ஷன் இல்ல. சாம்பக் கலர்ல ஒரு சேலை வேணும்."

சாம்பல் நிறத்தில் மெல்லிய கரை போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பில் போடுகிற இடத்தில் நின்ற பையன் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது தீபாவளி ஸ்கீம் சார், இந்த மாசம் வரைக்கும் இருக்கு. இன்னொண்ணு இலவசம், எடுத்துக்கங்க" என்றான்.

"இல்லப்பா, ஒண்ணு போதும்."

"வேண்டாம்னா விட்டுறலாம் சார். சும்மா வர்றதை யாராவது விடுவாங்களா?"

பின்னால் வரிசை நெருக்கியது. மலையாண்டியின் வாய் ஏழு வருஷப் பழக்கத்தில் தானாகவே திறந்தது. "சரி, போடு." நாகஜோதி வீட்டில் கட்டிக்கொள்வாள் என்று ஒரு நினைப்பு ஓடியதாகப் பிற்பாடு சொல்வார். பையன் அதே நிறத்தில் அதே கரையில் இன்னொன்றை எடுத்து, இரண்டையும் ஒன்றாகப் பாலிதீன் உறைக்குள் தள்ளி ஒட்டி, பையில் போட்டு, பை வாயைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கொடுத்தான். மீண்டும் வருக என்றான். பையிலும் அதுதான் எழுதியிருந்தது.

கண்ணாடிக் கதவைத் தாண்டி வெயிலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கையில் இருப்பது கோடி. கோடிக்கு ஜோடி வாங்கியிருக்கிறோம். திரும்பி ஓடினார். காவலாளி இந்தத் தடவை சல்யூட் அடிக்கவில்லை, சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினான். ஸ்கீம் பொருள்கள் திரும்ப வாங்கப்பட மாட்டா. எனக்குப் பணம் வேண்டாம், ஒரு சேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். சீல் போட்ட பையோடு உள்ளே விடமாட்டோம் என்றான். வேன்காரர் ஹாரன் அடித்தார்.

அங்கேயே ரோட்டில் பையைக் கிழித்து ஒன்றைச் சாக்கடையில் எறிந்திருக்கலாம். ஆனால் வாங்கிய கோடியை வழியில் பிரிக்கக் கூடாது, சாவு வீட்டில்தான் பிரிக்க வேண்டும். வேனில் பத்து ஜோடிக் கண்கள். பையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஏறினார். "சம்பந்தம் கடைதானே?" என்று நாகஜோதி கேட்டதற்கு, "ம்" என்றார். அமராவதிபுதூரில் இறங்கியதும் ஓரமாகப் போய் ஒன்றை எடுத்து வேனுக்குள் தள்ளிவிடலாம் என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போகிறவர் மாதிரி.

வேன் நின்றதும் கொட்டுக்காரர்கள் ஓங்கி அடித்தார்கள். பந்தலுக்குள்ளிருந்து மாரீஸ்வரி ஓடிவந்து அவர் மார்பில் விழுந்தாள்.

"அண்ணே, என்னைய இப்படி விட்டுட்டுப் போயிட்டாகளே. நான் எங்குட்டுப் போவேன்?"

"நான் இருக்கேன் ஆத்தா, நான் இருக்கேன்" என்று அவர் அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷத்தில் நாகஜோதி அவர் கக்கத்திலிருந்து பையை வாங்கிக்கொண்டு பெண்களோடு உள்ளே போய்விட்டாள். முறைப்படி அது அவள் வேலை.

ஐஸ் பெட்டிக்குள் காளிராஜ் படுத்திருந்தார். சுற்றிலும் பெண்கள். மாரீஸ்வரியைக் கொண்டுவந்து தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் கீர்த்தி, அவளை ஒட்டி அவள் மாமியார் துர்காதேவி. நாகஜோதி பையைக் கையிலெடுத்ததுமே அதன் மேலிருந்த கடைப்பெயரைப் பார்த்து ஒரு கணம் தடுமாறினாள். ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டையை அறுத்து, பாலிதீனைப் பல்லால் கிழித்துத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். ஒன்று விழுந்தது. அதன் மேல் அதேபோல் இன்னொன்றும் விழுந்தது.

ஒப்பாரி நின்றுபோனது.

காளிராஜின் சித்தி ஆயி, துட்டி வீடுகளில் முறை சொல்லியே பேர் வாங்கிய கிழவி, முதலில் வாயைத் திறந்தாள். "என்னடி இது, ரெண்டு கிடக்கு? ஒண்ணு மாரீஸ்வரிக்கு. இன்னொண்ணு யாருக்கு?"

பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீட்டில் தாலியோடு இருந்த இன்னொருத்தியின் மேல் அத்தனை கண்களும் போய் விழுந்தன. கீர்த்தி தாலிச்சரடைப் பிடித்துக்கொண்டாள். துர்காதேவி விசுக்கென்று எழுந்து மருமகளின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரி. எம்மவனை முழுசாக் கொண்டுபோயி வீடு சேக்கணும் நான். எந்திரிடி, இந்த வீட்டுப் படியை இனி மிதிக்க வேண்டாம்."

பந்தலில் நின்ற மலையாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். "அது ஒண்ணுமில்ல சித்தி, கடையில ஆஃபரு... ஒண்ணு எடுத்தா ஒண்ணு சும்மா குடுத்தாக" என்றார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். செத்த வீட்டுக்கு இலவசம் வாங்கி வந்தவர் என்று அமராவதிபுதூர் இன்னும் ஐம்பது வருஷத்துக்குச் சொல்லும்.

துர்காதேவி மருமகளை இழுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். அப்போதுதான் மாரீஸ்வரி எழுந்தாள். முடி தோளில் புரண்டது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"சம்பந்தியம்மா, நில்லுங்க. யாரும் எந்திரிக்க வேண்டாம். ரெண்டும் எனக்குத்தான்."

தாம்பாளத்தைக் கையால் காட்டி மேலே சொன்னாள்.

"ஒண்ணு அவுகளுக்காக எனக்குப் போடுறது. இன்னொண்ணு நான் செத்தாப் போடுறது. எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது அண்ணன் ஒருத்தர். அவருக்கும் அறுபதாகுது. நான் போற அன்னைக்கு அவரு இருப்பாரோ மாட்டாரோ. அதான் என் சாவுக்கோடியையும் சேத்து எடுத்தாங்கண்ணேன்னு நான்தான் காலையில ஃபோன்ல சொன்னேன். கூட்டத்துல சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அவரு என்னமோ உளறுறாரு."

ஆயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கிழவிக்கா பொய் தெரியாது? "உசுரோட இருக்கிறவ தன் வாயால கேட்டு வாங்கினா அது அவளோடதுதான். ஆனா ஒண்ணு ஆத்தா, சொன்னது சொன்னதுதான். அப்பறம் மாத்திப் பேசக் கூடாது."

"மாத்த மாட்டேன்" என்றாள் மாரீஸ்வரி. "போடுங்க மதினி. ரெண்டையும் என் மேலயே போடுங்க."

நாகஜோதி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டையும் போட்டாள். துர்காதேவி கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு மருமகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொட்டு மறுபடி தொடங்கியது. மாரீஸ்வரி இரண்டு சேலைக்குள் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தாள், வெயில் நேரத்தில் குளிரடித்தவள் மாதிரி.

மலையாண்டிக்கு உயிர் திரும்பி வந்தது. தங்கச்சி தன் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தார். அன்றைக்கு அவருக்கு எட்டியது அவ்வளவுதான். வேனில் திரும்பும்போது நாகஜோதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்த பிறகு, "தங்கச்சிக்குத் துக்கத்துல கூடவா இலவசம் கேட்டுச்சு உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி அவரைத் தின்றது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனார். மாரீஸ்வரி முக்காட்டுக்குள் இருந்தாள், பேச வாய்க்கவில்லை. முப்பது கழிந்ததும் பிறந்த வீட்டார் வந்து நாலு நாள் கூட்டிப்போய் வைத்திருப்பது வழக்கம். அந்த நாளுக்காகவே காத்திருந்தவர்போல மலையாண்டி விடிந்ததும் கிளம்பி, காரைக்குடியில் இறங்கி, நேரே சம்பந்தம் கடைக்குப் போனார். முன்வாசல் வழியாகவே போனார்.

சம்பந்தம் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "உக்காருங்க. அன்னைக்கு ஜன்னலுக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினேன். உங்க முகத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. சேலையை எடுத்துச் சுத்தி வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் அங்கயே நின்னேன். நீங்க வரலை."

மலையாண்டி பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். "தங்கச்சிக்கு ஒரு சேலை வேணும்" என்றார். "தாலியறுத்தவ. அம்பதுக்குள்ள இருக்கும். கட்டிக்கிட்டு நாலு இடம் போகணும்."

சம்பந்தம் இந்தத் தடவை காலைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்த்தாரா என்பதே இப்போது மலையாண்டிக்குச் சந்தேகமாக இருந்தது. இளஞ்சந்தன நிறத்தில் தவிட்டுக் கரை போட்ட கண்டாங்கி ஒன்று வந்தது. கையில் வாங்கும்போதே அதன் கனம் தெரிந்தது. தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அமராவதிபுதூரில் மாரீஸ்வரி தனியாக இருந்தாள். அண்ணனைக் கண்டதும் முகம் மலர்ந்து, உடனே அடங்கியது. செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார்.

"சம்பந்தம் கடை. ஒண்ணுதான் எடுத்தேன்" என்றார், பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல.

அவள் குனிந்து பார்த்தாள். "நல்லா இருக்குண்ணே. கலரு ரொம்ப நல்லா இருக்கு." கையை மட்டும் நீட்டவில்லை.

"கட்டிக்கிட்டுக் கிளம்பு ஆத்தா. நாலு நாள் வந்து நம்ம வீட்டுல இரு. உன் மதினி உனக்குன்னு அறையை ஒழிச்சு வச்சிருக்கா."

"நான் வர முடியாதுண்ணே. இதை வாங்கவும் முடியாது."

"கோவமா இருக்கியா?"

"கோவமா இருந்தா உங்களை நல்லா நாலு வார்த்தை வஞ்சுட்டு வாங்கிக் கட்டிக்கிருவேனே." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "என் சாவுக்கோடியை வாங்கிட்டேன்னு ஊரு முன்னாடி சொல்லிட்டேன். அதை வாங்கினவளுக்கு அதுக்கப்பறம் பொறந்த வீட்டுத் துணியும் கிடையாது, பொறந்த வீட்டு வாசலும் கிடையாது, வரப்போகவும் கிடையாது. ஆயி சித்தி சொல்லித்தான் விட்டுச்சு. சம்பந்தியம்மாவும் அதைக் கேட்டுக்கிட்டுத்தான் கீர்த்தியை வச்சிருக்கு. இப்ப உங்க கையால ஒரு சேலை வாங்கிக் கட்டினேன்னா, அன்னைக்கு நான் சொன்னது பொய்யின்னு ஆயிரும். அப்ப அந்த ரெண்டாவது கோடி யாருதுண்ணே?"

"இதையெல்லாம் நீ நம்புறியா மாரி?" என்றார் மலையாண்டி.

"நான் நம்பினா என்ன, நம்பாட்டி என்ன? என் மக அந்த வீட்டுல வாழணும். கண்ணனுக்கு ஒரு தலைவலின்னாக்கூட, அந்தம்மா முதல்ல அந்தச் சேலையைத்தான் நினைக்கும். நான் வாக்குத் தவறினேன்னு தெரிஞ்சா பிள்ளையை அன்னைக்கே கொண்டாந்து இங்க விட்டுரும்."

வெளியே யாரோ ஆட்டோவை முடுக்கினார்கள். மாரீஸ்வரி சேலையைத் தொடாமல், தாளின் ஓரத்தைப் பிடித்து அப்படியே மடித்து அண்ணன் பக்கம் நகர்த்தினாள்.

"மதினிகிட்டக் குடுங்க. அவுகளுக்கும் நீங்க ஒத்தையா எடுத்துக் குடுத்ததில்ல."

மலையாண்டி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "அப்ப நான் உன்னைய எப்பத்தான் ஆத்தா வந்து பாக்குறது?"

"வர வேண்டாம்ண்ணே. நான் செத்துட்டேன்னு சேதி வந்தாலும் வராதீக. நீங்க செய்ய வேண்டிய முறையை முன்னாடியே செஞ்சு முடிச்சுட்டீக."

சொல்லிவிட்டு, அவர் குடித்து வைத்த செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.